விதியா, நம் விருப்பமா? மலையகத்துப் பிள்ளைகளுக்கு ஓர் எளிய விளக்கம்

எங்கள் பக்கத்தில், இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில், "தலையெழுத்து" என்று யாராவது சொல்லாமல் ஒரு நாள் போகாது. கொழுந்து குறைந்தால் தலையெழுத்து, பிள்ளை பரீட்சையில் கோட்டைவிட்டால் தலையெழுத்து, மழைக்கு லயத்து வரிசைவீட்டுத் தகரம் ஒழுகினால் அதுவும் தலையெழுத்துதான். அதே வீட்டில் அதே ஆட்கள்தான் பிள்ளையைப் பார்த்து "படிச்சா மேல வந்துடலாம், நீ மனசு வச்சா முடியும்" என்றும் சொல்கிறார்கள். ஏ.எல். (உயர்தர) கலைப்பிரிவில் அளவையியல் (தர்க்கம்) படிக்கும் பிள்ளைகள் இந்த இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாக இருக்க முடியும் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இரண்டாயிரம் வருடத்துக்கு மேலாகப் பெரிய பெரிய ஆட்கள் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வியும் கூட. தத்துவம் முன்பின் படிக்காதவர்களுக்கும் புரிகிற மாதிரி எனக்குத் தெரிந்ததைச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். விதி என்று பேசும்போது இரண்டு வெவ்வேறு கருத்துகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. ஒன்று, முடிவு ஏற்கெனவே எழுதியாகிவிட்டது, நீ எதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும் அதுதான் நடக்கும் என்பது. இது விதிவாதம். இன்னொன்று, எதுவும் காரணமில்லாமல் நடப்பதில்லை, உன் ஆசையும் உன் முடிவும்கூட முன்னால் நடந்தவற்றிலிருந்து வந்தவைதான் என்பது. இதற்கு நிர்ணயவாதம் என்று பெயர். கேட்க இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும், ஆனால் வாழ்க்கையில் இரண்டும் கொண்டுபோய் விடும் இடம் வேறு. விதிவாதத்தில் நீங்கள் செய்வதற்கு ஒரு மதிப்பும் இல்லை. நிர்ணயவாதத்தில் நீங்கள் செய்வதும் ஒரு காரணம், அதை எடுத்துவிட்டால் முடிவும் மாறிவிடும்.

பழைய கிரேக்கர்கள் இதை ஒரு வாதமாகவே வைத்துச் சண்டை போட்டார்கள். அதற்குச் 'சோம்பேறி வாதம்' என்று பெயர். நோயாளி ஒருவன் இருக்கிறான். அவன் பிழைக்க வேண்டும் என்பது விதியானால் வைத்தியரைக் கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் பிழைப்பான், சாக வேண்டும் என்பது விதியானால் கூப்பிட்டாலும் சாவான், ஆகவே வைத்தியரைக் கூப்பிடுவது வீண் வேலை. கேட்டால் சரி போலத்தான் தோன்றும். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரிசிப்பஸ் என்ற அறிஞர் இதற்குச் சொன்ன பதிலை ரோமானியரான சிசரோ எழுதிவைத்திருக்கிறார். பிழைப்பது விதியென்றால், வைத்தியரைக் கூப்பிட்டதால் பிழைப்பது என்பதே அந்த விதி, இரண்டையும் வெட்டிப் பிரிக்க முடியாது என்பதுதான் அந்தப் பதில். கவனியுங்கள், கிரிசிப்பஸ் விதியை மறுத்தவர் அல்லர், விதியை முழுசாக நம்பியவர். நம்பிக்கொண்டே, அதைச் சாக்காக வைத்துப் படுத்திருக்க முடியாது என்றார். தோட்டத்தில் பிள்ளைக்கு நாலு நாளாகக் காய்ச்சல் விடாமல் அடிக்கும்போது "விதி இருந்தா பொழைக்கும்" என்று யாராவது சொன்னால் எனக்கு இந்தக் கிழவர்தான் ஞாபகத்துக்கு வருவார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட்டோவுக்குப் போன் பண்ணுவதும் அந்த விதிக்குள் இருக்கலாம் இல்லையா?

சரி, நம் பக்கத்தில் என்ன சொன்னார்கள்?

திருக்குறளில் ஊழுக்கென்றே ஓர் அதிகாரம் இருக்கிறது, 38ஆவது. அதன் கடைசிக் குறள், 380ஆவது, "ஊழிற் பெருவலி யாவுள" என்று கேட்கிறது. ஊழைவிடப் பலமானது எது, அதை வெல்ல வேறொரு வழியை நாம் யோசித்தாலும் அங்கேயும் அது முந்திக்கொண்டு வந்து நிற்கும் என்கிறது. இதைப் படித்தவுடன் வள்ளுவர் விதிவாதி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 62ஆவது அதிகாரம் ஆள்வினையுடைமை. அதிலும் கடைசிக் குறள்தான், 620: "ஊழையும் உப்பக்கம் காண்பர் உலைவின்றித் தாழாது உஞற்று பவர்." சோர்ந்துபோகாமல் முயல்கிறவர்கள் அந்த ஊழையே புறமுதுகு காட்ட வைப்பார்கள் என்று பொருள். ஒரே ஆள் இரண்டையும் எழுதியிருக்கிறார். உரையாசிரியர்களும் பட்டிமன்றக்காரர்களும் இதை எப்படி எப்படியோ சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். என் கருத்தில், இதற்கு முந்திய 619தான் இரண்டுக்கும் நடுவில் நிற்கும் குறள். தெய்வத்தால் ஆகாது என்றாலும் முயற்சி தன் உடம்பு வருந்திய அளவுக்குக் கூலி தரும் என்கிறது அது. முழு வெற்றி கிடைக்கும் என்று சொல்லவில்லை, கூலி தரும் என்றுதான் சொல்கிறது. கூலி என்றால் என்ன என்று எங்கள் ஆட்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

புறநானூற்று 192ஆவது பாட்டு, கணியன் பூங்குன்றனார் பாடியது, முதல் வரி எல்லோருக்கும் மனப்பாடம். அடுத்த வரி "தீதும் நன்றும் பிறர்தர வாரா". கொஞ்சம் கீழே போனால், மலையிலிருந்து இரைந்து ஓடும் பேராற்றில் நீர் போகிற போக்கில் போகும் தெப்பம் போல உயிர் முறைப்படி போகும் என்கிறார். மேலே நன்மை தீமை வேறொருவர் தருவதால் வருவதில்லை, கீழே தெப்பம் ஆற்றின் வழியே. இரண்டும் ஒரே பாட்டுக்குள்தான் இருக்கின்றன, அவருக்கு அதில் ஒரு முரண்பாடும் தெரியவில்லை.

முழு விதிவாதிகளும் பழைய இந்தியாவில் இருந்தார்கள். ஆசீவகர்கள். அவர்களுடைய தலைவர் மக்கலி கோசாலர் சொன்னதாகப் பௌத்த நூல்களில் இருப்பது என்னவென்றால், முயற்சி என்பதே கிடையாது, உருட்டிவிட்ட நூலுருண்டை நூல் முடிகிற வரைக்கும் பிரிந்து பிரிந்து ஓடுகிற மாதிரி ஒவ்வோர் உயிரும் தன் துன்ப இன்பங்களை அனுபவித்துத் தீர்த்தாக வேண்டும் என்பது. மணிமேகலையிலும் ஆசீவகர் ஒருவர் வந்து தன் கொள்கையைச் சொல்வார். அவர்களோடு மோதியவர் புத்தர். எங்களைச் சுற்றியிருக்கிற சிங்களக் கிராமங்களின் விகாரைகளில் ஓதப்படுகிற அதே பாளி மரபில் ஒரு சின்னச் சூத்திரம் இருக்கிறது. சீவகன் என்ற துறவி வந்து, மனிதன் அனுபவிப்பதெல்லாம் முன்வினையால்தானே என்று கேட்கிறார். புத்தர் இல்லை என்கிறார். பித்தத்தால் வரும் நோவு உண்டு, கபத்தால் வருவது, வாயுவால் வருவது, மூன்றும் சேர்ந்து வருவது, பருவ மாற்றத்தால் வருவது, கவனமில்லாமல் நடந்துகொள்வதால் வருவது, அடிபட்டு வருவது, கடைசியாக வினையால் வருவது என்று எட்டாகப் பிரிக்கிறார். வினையை அவர் மறுக்கவில்லை, எட்டில் ஒன்றாக்கிவிட்டார். இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு இந்தப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் விடவே இல்லை.

சைவ சித்தாந்தமும் வினையை ஒரே கட்டாக வைக்கவில்லை. சேர்த்துவைத்த வினை சஞ்சிதம், அதிலிருந்து இந்தப் பிறவியில் அனுபவிக்க வந்தது பிராரத்தம், இப்போது செய்துகொண்டிருப்பது ஆகாமியம். மூன்றாவது உங்கள் கையில் இருக்கிறது. கோயிலில் விழுந்து கும்பிடுகிற நம்மில் பலர் பிராரத்தத்தோடு பேச்சை நிறுத்திக்கொள்கிறோம்.

இப்போது இந்தப் பிரித்துப் பார்க்கும் வேலையை எங்கள் மலையிலேயே செய்வோம். எனக்கு முக்கியமானது இந்த இடம்தான், மேலே சொன்னதெல்லாம் இதற்கு வரத்தான்.

பின்னேரம் மலையில் கொழுந்து நிறுக்கும்போது நின்று பாருங்கள். காலையிலிருந்து மழை. படங்கை இடுப்பில் கட்டியபடி வரிசையில் நிற்கும் பெண் தன் பையைத் தராசில் கொழுவுகிறாள். முள் எங்கே நின்றது என்று அவள் பார்த்து முடிப்பதற்குள் ஈரத்துக்கு இவ்வளவு, பைக்கு இவ்வளவு என்று கழித்து 16 என்று கொப்பியில் எழுதியாகிவிட்டது. அந்தத் தோட்டத்தில் 18 கிலோ எடுத்தால்தான் முழுப்பேர், அதாவது முழு நாள் சம்பளம். அவளுக்கு அரைப்பேர். ஒன்றும் சொல்லாமல் பையை உதறிக்கொண்டு "நம்ம விதி" என்று நகர்கிறாள்.

அந்த 16க்குள் என்னென்ன இருக்கிறது? மழை இருக்கிறது, அதை யாரும் தீர்மானிக்கவில்லை. செடி கிழடாகிப்போனது இருக்கிறது. புதிதாகக் கன்று நட வேண்டுமா, செலவு மிச்சமா என்று ஓர் அலுவலகத்தில் யாரோ முடிவெடுத்திருக்கிறார்கள். 2021இல் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று நிறுத்தியதே, அதற்கப்புறம் உரம் காணாமல் மெலிந்த மலைகளை எல்லோரும் கண்டோம். அதுவும் ஒரு மேசையில் போட்ட கையெழுத்துதான். 18 என்ற எண் வானத்திலிருந்து வரவில்லை. ஈரத்துக்கு எத்தனை கிலோ கழிப்பது என்பதும் ஒருவர் சொன்ன கணக்கு. அவள் காலையில் கொஞ்சம் பிந்தி மலைக்கு ஏறியிருந்தால் அதுவும் அதற்குள் இருக்கும், பிந்தியதற்கு, வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவில் பிள்ளை அழுதது காரணமாக இருக்கலாம். இத்தனையையும் ஒரே மூட்டையாகக் கட்டி மேலே விதி என்று எழுதிவிட்டால், உள்ளே இருக்கிற பெரும்பகுதி வேறு மனிதர்கள் விரும்பி எடுத்த முடிவு என்பது மறைந்துபோகிறது. ஒருவருடைய சுயவிருப்பம் இன்னொருவருடைய வாசலில் விதியாக வந்து நிற்கிறது. தத்துவப் புத்தகங்கள் ஒரு மனிதனையும் அவன் முடிவையும் மட்டும் வைத்துப் பேசும்போது விட்டுவிடுவது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

வரலாற்றையும் இப்படியே பாருங்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வம்சமான எங்கள் ஆட்கள் ஏறத்தாழ 7 இலட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த வருடமே வாக்குரிமையும் போனது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று எண்களால் பிரித்தார்கள். பிரிக்கப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை. அண்ணன் ஒரு நாட்டுக்கு, தம்பி ஒரு நாட்டுக்கு என்று இந்தியாவுக்குக் கப்பல் ஏறத் தலைமன்னாருக்குப் போகும் கோச்சியில் (ரயிலில்) ஏறி அழுத கதை இல்லாத குடும்பம் எங்கள் பக்கம் குறைவு. அந்தக் காலத்துப் பாட்டிமார் இன்றைக்கும் அதைத் தலைவிதி என்றுதான் சொல்கிறார்கள். அவர்கள் துக்கத்தை நான் மதிக்கிறேன், துக்கத்தைத் தாங்க ஒரு சொல் வேண்டும். ஆனால் அந்த எண்களுக்குக் கீழே இரண்டு பிரதமர்களின் கையெழுத்து இருக்கிறது, திகதி இருக்கிறது.

மீரியபெத்தைத் தோட்டத்தில் நடந்ததும் அப்படித்தான். கொஸ்லந்தையில், 2014 அக்டோபர் 29 காலை, மலை சரிந்து லயங்களை மூடியது. மழை இயற்கை, மண் இயற்கை. ஆனால் அந்த இடம் அபாயமானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எழும்பிப் போகச் சொன்னால் எங்கே போவது? சொந்தமாக ஒரு பேர்ச் காணி இல்லாத மனிதருக்குப் "போ" என்பதும் "இரு" என்பதும் தெரிவு ஆகாது. எச்சரிக்கை கிடைத்தும் போகவில்லையே என்று அந்த மக்களைக் குறை சொன்னவர்களைக் கண்டு எனக்குக் கோபம் வந்தது, இப்போதும் வருகிறது. அது விதி என்பதும் தப்பு, அவர்கள் விருப்பம் என்பது அதைவிடப் பெரிய தப்பு.

ஆக சுயவிருப்பம் என்றால் என்ன? எந்தக் காரணமும் தொடாத, அந்தரத்தில் எழும் ஒரு முடிவு என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி ஒன்று இருந்தால் அதை என் முடிவு என்றே சொல்ல முடியாது, காரணமில்லாமல் கை துடித்தால் அதற்குப் பெயர் வலிப்பு. ஸ்கொட்லாந்துத் தத்துவஞானி டேவிட் ஹியூம் 18ஆம் நூற்றாண்டில் ஒரு வழி சொன்னார். காரணங்கள் இருப்பது சுதந்திரத்துக்கு எதிரி இல்லை, கட்டாயம்தான் எதிரி. சங்கிலியில் கட்டப்படாத ஒருவன் தன் விருப்பப்படி செய்யவோ செய்யாமலிருக்கவோ முடிந்தால் அதுவே சுதந்திரம் என்றார். இதை இணக்கவாதம் என்பார்கள், இன்றைக்கும் பல தத்துவ ஆசிரியர்கள் நிற்கும் இடம் இதுதான். நானும் அதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறேன், ஒன்றைக் கூட்டிச் சொல்வேன்: சங்கிலி இல்லாவிட்டால் மட்டும் போதாது, போவதற்கு ஒரு வழியும் இருக்க வேண்டும். ஏ.எல். கணிதப் பிரிவு உள்ள தமிழ்ப் பாடசாலைக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டிய பிள்ளையை யாரும் சங்கிலியால் கட்டவில்லை. ஆனாலும் அந்தப் பிள்ளை கலைப்பிரிவை "விரும்பி" எடுத்தது என்று எழுத எனக்குக் கை வராது.

விஞ்ஞானம் என்ன சொல்கிறது என்றும் கேட்பீர்கள். 1814இல் லாப்லாஸ் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர், உலகத்தின் எல்லாத் துகள்களின் நிலையும் விசைகளும் தெரிந்த ஓர் அறிவு இருந்தால் அதற்கு எதிர்காலமும் கண் முன்னால் நிற்கும் என்று எழுதினார். 20ஆம் நூற்றாண்டில் குவாண்டம் இயற்பியல் வந்து அணுவுக்குள் தற்செயல் இருக்கிறது என்றது. சிலர் அதைப் பிடித்துக்கொண்டு பார்த்தாயா சுதந்திரம் என்றார்கள், ஆனால் தற்செயலாக நடப்பதும் நான் செய்வது ஆகாதே. அப்புறம் 1983இல் அமெரிக்க மூளை ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட் வெளியிட்ட பரிசோதனை. விரும்பிய நேரத்தில் மணிக்கட்டை அசைக்கச் சொல்லி மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்தார். அசைப்பதற்கு ஏறத்தாழ அரை வினாடிக்கு முன்பே மூளையில் ஏற்பாடு தொடங்கிவிட்டது, "இப்போது அசைக்கலாம்" என்ற எண்ணமோ 0.2 வினாடிக்கு முன்னால்தான் வந்தது. சுயவிருப்பம் செத்துவிட்டது என்று பத்திரிகைகள் கத்தின. லிபெட்டே அப்படி நினைக்கவில்லை, கடைசி நேரத்தில் வேண்டாம் என்று நிறுத்தும் சக்தி இருக்கிறது என்றார். 2012இல் ஷூர்கர் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் அந்த ஆரம்ப அலை முடிவே அல்ல, மூளையின் சாதாரண ஏற்ற இறக்கமாக இருக்கலாம் என்று காட்டினார்கள். எப்படியும், மணிக்கட்டை அசைப்பதை வைத்து, கொழும்புக்குக் கடை வேலைக்குப் போவதா படிப்பதா என்று மாதக்கணக்கில் யோசித்து எடுக்கிற முடிவை அளக்க முடியாது.

சாதகத்தைப் பற்றிச் சொல்லாமல் போனால் எங்கள் ஆட்கள் விடமாட்டார்கள். ஒரே ஆஸ்பத்திரியில், ஒரே நிமிடத்தில், பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இரண்டு பிள்ளைகள் பிறக்கின்றன. ஒன்று வைத்தியர் வீட்டுப் பிள்ளை, மற்றது லயத்துப் பிள்ளை. கட்டத்தில் கிரகங்கள் அதே வீடுகளில்தான் உட்கார்ந்திருக்கும். இருபது வருடம் கழித்து இரண்டும் எங்கே இருக்கும் என்று ஊகிக்க உங்களுக்குக் கட்டம் தேவைப்படுமா, அப்பா அம்மாவின் தொழில் தேவைப்படுமா? ஆறுதலுக்காகப் பார்க்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. "இந்தப் புள்ளைக்குப் படிப்பு ஸ்தானம் சரியில்ல" என்ற ஒரு வார்த்தையைக் கேட்டு டியூஷனை நிறுத்துகிறார்களே, அங்கேதான் சண்டை. படிப்பை நிறுத்தினால் படிப்பு வராது, பிறகு சாதகம் பலித்ததாகவும் ஆகிவிடும்.

மாசி மாதத்தில் தோட்டங்களில் காமன் கூத்து போடுவார்களே, அதிலும் இந்தக் கேள்வி இருக்கிறது. சிவனின் தவத்தைக் கலைக்க இந்திரன் மன்மதனை அனுப்புகிறான். ரதி போகாதே என்று தடுக்கிறாள். போனால் எரிந்துபோவான் என்பது விடிய விடிய உட்கார்ந்து பார்க்கும் எல்லோருக்கும் தெரியும். மன்மதன் போகிறான். அவன் போனது அவன் விருப்பமா, இந்திரனின் கட்டளையா, ஏற்கெனவே எழுதிய கதையா? மூன்று பதிலுக்கும் ஆட்டக்களத்தைச் சுற்றி ஆள் இருக்கும். நான் இந்திரனைத்தான் முதலில் கேட்பேன்.

கடைசியாக ஒன்று, இதுதான் எனக்கு மிகக் கஷ்டமான வாதம். முயற்சி செய்தவன் முன்னேறினான் என்கிறோம். முயற்சி செய்யும் அந்தக் குணம் எங்கிருந்து வந்தது? அவன் அம்மாவிடமிருந்து, ஒரு நல்ல வாத்தியாரிடமிருந்து, சின்ன வயதில் வயிறு நிறையச் சாப்பிட்டதிலிருந்து. அவற்றையும் அவன் தெரிந்தெடுக்கவில்லையே, அப்படியானால் முயற்சிகூட விதிதானே? பிரிட்டிஷ் தத்துவஞானி கேலன் ஸ்ட்ரோசன் இந்த வழியிலேயே போய், யாரும் தன் செயலுக்கு முழுப் பொறுப்பாளி ஆக முடியாது என்று வாதிடுகிறார். இதில் பாதியை நான் ஏற்கிறேன். தோற்றவனைப் பார்த்து "நீ முயற்சி செய்யல" என்று சொல்லும் உரிமை நமக்குக் கொஞ்சமும் இல்லை என்பதை இந்த வாதம் நன்றாகவே காட்டுகிறது. ஆனால் என் குணம் எங்கிருந்தோ வந்தது என்பதால் அது வேலை செய்யாமல் போய்விடாது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் சம்பளம் கூட்டிக் கேட்டு வேலைநிறுத்தம் நடந்தபோது பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி செத்தார். அங்கே நின்றவர்களின் துணிச்சல் எந்தத் தாயிடமிருந்து, எந்தப் பசியிலிருந்து வந்தது என்று ஒவ்வொன்றாகத் தேடிக் கண்டுபிடிக்கலாம்தான். எல்லாவற்றையும் கண்டுபிடித்த பிறகும், அன்றைக்குச் சம்பளத்தைக் கேட்டவர்கள் அவர்கள்தான். அவர்கள் கேட்டது இன்று ஏழாம் எட்டாம் வகுப்பில் படிக்கிற ஒரு பிள்ளையின் குணத்துக்குள் ஒரு காரணமாகப் போய்ச் சேரலாம், நாம் அதை அந்தப் பிள்ளைக்குச் சொன்னால்.